அடுத்து எந்த முகவரி?

ஒரு வலைப்பக்கத்தை இறக்கிக்கொள்ள பைத்தானில் இரண்டு வரி போதும். அதிலுள்ள இணைப்புகளைப் பிரித்தெடுக்க இன்னும் நாலு வரி. இப்படிப் பக்கம் பக்கமாகப் போய்த் திரட்டுகிற நிரலைக் கிராலர் என்பார்கள். அதை எழுதக் கற்றுத்தரும் பாடங்கள் பெரும்பாலும் இந்த ஆறு வரியோடு நின்றுவிடுகின்றன. மிச்சமிருக்கிற வேலைதான் பெரியது. இன்னும் போகாத முகவரிகளை எங்கே வைப்பது, அவற்றில் அடுத்து எதை எடுப்பது, எடுத்ததை எப்போது போய்த் தட்டுவது? இந்தக் காத்திருப்பு வரிசையைப் பற்றித்தான் இன்றைக்கு நீளமாக எழுதப்போகிறேன்.

எதற்காக இந்த வேலை என்று முதலில் சொல்லிவிட்டால் பின்னால் வருகிற முடிவுகள் புரியும். என் ஊர் ஏழாயிரம்பண்ணை. விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டம். சுற்றிலும் கரிசல் காடு, பிழைப்பு பட்டாசிலும் தீப்பெட்டியிலும். 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்கு முன்பு 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர். அந்த நாட்களில் செய்தித் தளங்களிலும் வலைப்பூக்களிலும் எவ்வளவோ எழுதினார்கள். இப்போது அந்த இணைப்புகளைத் தட்டிப் பார்த்தால் பல திறப்பதில்லை. சில தளங்களே இல்லை. இந்தப் பட்டாசு வட்டாரத்தைப் பற்றித் தமிழில் இணையத்தில் எழுதப்பட்டதையெல்லாம், விபத்துச் செய்தி, வேலைக்குப் போனவர்களின் நினைவு, சங்க அறிக்கை, கடைகளின் விலைப்பட்டியல் என்று எதையும் விடாமல், ஓரிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பக்கத்துத் தெருவில் இன்ஜினியரிங் கடைசி வருசம் படிக்கிற தம்பி ஒருவன் என்னோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறான். அவன் கேட்டான்: “அண்ணே, எல்லாத்தையும் ஒரு லிஸ்ட்ல போட்டு ஒவ்வொண்ணா எடுத்தா முடிஞ்சிருச்சு. இதுக்கு எதுக்குண்ணே டேட்டாபேஸு, இத்தனை டேபிளு?” நியாயமான கேள்வி. வாயால் சொன்ன பதிலைவிட எழுதிச் சொன்னால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

லிஸ்டிலிருந்தே தொடங்குவோம். பைத்தான் லிஸ்டில் சாதாரணமாக எடுத்தால் கடைசியில் போட்டதுதான் முதலில் வரும். அதாவது கிராலர் ஒரு தளத்துக்குள் நுழைந்தால் அங்கே கிடைத்த கடைசி இணைப்புக்குள், அதற்குள் கிடைத்த கடைசி இணைப்புக்குள் என்று கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். பிரபலமான கிராலர் கருவியான ஸ்கிரேப்பியும் இயல்பாக இப்படித்தான் எடுக்கிறது. பல தளங்களில் பரவலாகத் திரட்டுகிறவர்கள் இதை மாற்றிக்கொள்ளலாம் என்று அதன் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். முன்னால் போட்டதை முன்னால் எடுக்கும்படி மாற்றினால் அகலவாக்கில் பரவும். அது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. ஏன் என்பதற்கு எங்கள் வட்டாரமே சாட்சி.

ஆடி பிறந்தால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு விலைப்பட்டியல் தளங்கள் முளைக்கத் தொடங்கும். ஒரே வார்ப்பில் செய்த தளங்கள்தான் நிறைய. கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும் மாறியிருக்கும். ஒரு தளத்தில் 20 வகை, விலை ஏற்றம், இறக்கம் என்பதுபோல் வரிசைப்படுத்தும் விதம் 4, பார்க்கும் விதம் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சரக்குக்கு 240 முகவரி ஆகிவிடும். அந்தக் காலத்தில் வெறும் வரிசையை ஓடவிட்டால், மத்தாப்பும் பூச்சட்டியும் சங்குசக்கரமுமாக ஆயிரக்கணக்கான முகவரிகள் முன்னால் நின்றுகொள்ளும். இறந்துபோனவர்களைப் பற்றி யாரோ எழுதிய ஒற்றைப் பதிவு அவற்றுக்குப் பின்னால் நாள்கணக்கில் நிற்கும்.

விலைப்பட்டியல்களைத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்து, பசுமைப் பட்டாசுதான் செய்யலாம் என்றது. மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதையும் அதே உத்தரவு தடுத்தது. அதற்கு முந்தைய பட்டியலையும் பிந்தைய பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சரக்கு காணாமல் போனது, எது பெயர் மாறி வந்தது என்று தெரியும். ஒரு தொழிலின் சரித்திரம் அது. ஆகவே அவையும் வேண்டும், ஆனால் அளவோடு. ஒரு தளத்துக்கு இத்தனை பக்கம், இத்தனை ஆழம் என்று வரம்பு வைத்தேன். ஒரே மாதிரி இருக்கிற பக்கங்களைக் கண்டுபிடிக்க ‘சிம்ஹாஷ்’ என்ற முறை இருக்கிறது. கூகுளில் இருந்தபோது குர்மீத் சிங் மங்குவும் அரவிந்த் ஜெயினும் அனிஷ் தாஸ் சர்மாவும் 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒரு பக்கத்தை 64 பிட் கைரேகையாக்கி, 3 பிட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே பக்கம் என்று கொள்ளலாம் எனக் காட்டியது. ஒரு தளத்தில் அடுத்தடுத்து வருகிற பக்கங்கள் இப்படி ஒன்றாகவே இருந்தால், அந்தத் தளத்தின் மிச்ச முகவரிகளின் மதிப்பைக் குறைத்துவிடுகிறேன். அழிப்பதில்லை, பின்னால் தள்ளுகிறேன்.

இப்போது தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஒரு முகவரி ஏற்கெனவே வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பது, கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இரண்டு முகவரிகள் ஒன்றுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏழாயிரம்பண்ணை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 8 எழுத்து. யூனிகோடில் 13 குறியெண். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட் என்பதால் 39 பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கமுமாக மாறும். ஆக 117 எழுத்து. விக்கிப்பீடியாவில் நம் ஊர்ப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் நீண்டு கிடப்பது இதனால்தான். அந்த இலக்கங்களைச் சிலர் பெரிய எழுத்தில் தருவார்கள், சிலர் சின்ன எழுத்தில், சிலர் மாற்றாமல் தமிழாகவே தருவார்கள். மூன்றும் ஒரே பக்கம்.

இதைவிட நுட்பமானது ஒன்று இருக்கிறது. வெம்பக்கோட்டையில் வருகிற ‘கோ’வை ஒரே ஓகாரக் குறியாகவும் எழுதலாம், முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. யூனிகோடின் ‘என்எஃப்சி’ என்ற சீராக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘ஔ’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்திருந்தால் அதை எந்தச் சீராக்கமும் சேர்க்காது. தமிழ் முகவரிகளைத் திரட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சீராக்கிய வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். சர்வரிடம் கேட்கும்போது, பக்கத்தில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே கேட்க வேண்டும். இரண்டு குறியாக அடித்து ஒருவர் கோப்புக்குப் பெயர் வைத்திருந்தால், சீராக்கிய பெயரில் கேட்டால் அந்தச் சர்வர் ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். அதனால் என் டேபிளில் ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு பத்தி வைத்திருக்கிறேன். ஒன்று கண்டபடி, இன்னொன்று ஒப்பிடுவதற்கான சாவி. சாவிப் பத்தியில் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது பிளாக்ஸ்பாட். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியின் காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தமிழ் வலைப்பூக்களில் ஏராளமானவை பிளாக்ஸ்பாட்டில்தான் இருந்தன. 2012இல் கூகுள் அந்த முகவரிகளை நாட்டுக்கு நாடு திருப்பிவிடத் தொடங்கியது. இந்தியாவில் திறந்தால் ஒரு முடிவு, சிங்கப்பூரில் திறந்தால் வேறு முடிவு, ஆஸ்திரேலியாவில் இன்னொன்று. 2018இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். ஆனால் நடுவே இருந்த ஆறு ஆண்டுகளில் ஒருவர் பதிவை இன்னொருவர் சுட்டியபோது, அவரவர் இருந்த நாட்டின் முகவரியை ஒட்டிவைத்தார்கள். தமிழர்கள் எத்தனை நாட்டில் இருக்கிறார்கள்! ஒரே பதிவு அத்தனை முகவரியாக வரிசைக்குள் வந்து நிற்கும். கைபேசியில் பார்த்து ஒட்டியவர்கள் கடைசியில் ‘எம் சமம் 1’ என்ற வாலோடு ஒட்டியிருப்பார்கள். மறுமொழியைச் சுட்டியவர்கள் வேறொரு வாலோடு. இவற்றையெல்லாம் வெட்டி ஒரே சாவியாக்கும் விதிகளை எழுதித்தான் ஆகவேண்டும். வேர்ட்பிரஸுக்குத் தனி விதி, பழைய கருத்துக்களங்களுக்குத் தனி விதி. பொது விதிகள் 2005இன் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 3986இல் இருக்கின்றன. நம் தளங்களின் வால்களை நாம்தான் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே பார்த்த முகவரிகளை அடையாளம் காண ‘புளூம் ஃபில்டர்’ வைத்தால் நினைவகம் மிச்சமாகுமே என்று சிலர் சொல்வார்கள். பர்ட்டன் புளூம் 1970இல் சொன்ன அருமையான உத்தி அது. ஒரு முகவரிக்கு 10 பிட் அளவு செலவழித்தால், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் தவறு சுமார் 100க்கு 1. கோடிக்கணக்கில் திரட்டுகிற தேடுபொறிக்கு அந்த ஒன்று பொருட்டில்லை. எனக்கு அது பொருட்டு. தவறிப்போகிற அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தைப் பற்றிய ஒரே பதிவாக இருக்கலாம். என் அளவுக்குச் சாதாரண இண்டெக்ஸே தாராளம்.

இனி, எவ்வளவு வேகத்தில் போவது என்பது. கிராலர்களின் வரிசையைப் பற்றி இன்றைக்கும் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற வேலை ஒன்று உண்டு. காம்பேக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹெய்டனும் மார்க் நயோர்க்கும் 1999இல் எழுதி வெளியிட்ட ‘மெர்கேட்டர்’. பாடப்புத்தகங்கள் விளக்குகிறபடி அதில் வரிசை இரண்டு அடுக்காக இருக்கும். முன்னடுக்கில் எது முக்கியம் என்று தரம் பிரிப்பார்கள். பின்னடுக்கில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே தளத்தின் முகவரிகள்தான் இருக்கும். எந்தத் தளத்தை மறுபடி எப்போது தட்டலாம் என்ற நேரத்தை ஒரு ஹீப்பில், முந்திய நேரம் மேலே நிற்கும்படி, வைத்திருப்பார்கள். நேரம் வந்த தளத்தின் வரிசையிலிருந்து ஒன்றே ஒன்று எடுக்கப்படும். ஒரு பக்கம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனதோ அதைப்போல 10 மடங்கு நேரம் அந்தத் தளத்தை விட்டுவைப்பார்கள். இணைய ஆவணக்காப்பகத்தின் கிராலரான ‘ஹெரிட்ரிக்ஸ்’ இயல்பாக 5 மடங்கு காத்திருக்கும். அதிலும் 3 விநாடிக்குக் குறையாமல், 30 விநாடிக்கு மேல் போகாமல்.

இந்தப் பெருக்கல் முறை எனக்கு மிகவும் பிடித்தது. மெதுவாகப் பதில் தருகிற சர்வர் சின்ன சர்வர், அல்லது அந்த நேரத்தில் திணறிக்கொண்டிருக்கிற சர்வர். அதற்குத் தானாகவே கூடுதல் ஓய்வு கிடைக்கிறது. யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

10 மடங்கு என்றால், ஒரு விநாடியில் பதில் தருகிற தளத்திலும் ஏறத்தாழ பத்து விநாடிக்கு ஒரு பக்கம்தான் எடுக்க முடியும். தம்பிக்கு இது முதலில் ஒப்பவில்லை. “பத்து செகண்டுக்கு ஒண்ணுன்னா எப்பண்ணே முடியும்?” என்றான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 3,000 பக்கமுள்ள ஒரு தளத்துக்கு 30,000 விநாடி, அதாவது 8 மணி 20 நிமிடம். அதே நேரத்தில் நூறு தளங்களுக்கு நடுவே மாறி மாறிப் போகலாம். ஆகவே நூறு தளங்களும் ஏறத்தாழ அதே 8 மணி 20 நிமிடத்தில் முடியும். ஒரு தளத்துக்கு மெதுவாகவும் மொத்தத்தில் வேகமாகவும் போக முடிகிறதென்றால் அது தளவாரியாகப் பிரித்த வரிசையால்தான்.

இந்தப் பிரிவினைக்கு இன்னொரு பலனும் உண்டு. எங்கள் பக்கம் வெடி ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், ஒரே பெரிய கொட்டகை கட்டமாட்டார்கள். தனித்தனி அறை, அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. ஓரிடத்தில் நடப்பது பக்கத்து அறைக்குப் பரவக்கூடாது என்பதற்காக வந்த விதிகள் அவை. கிராலரிலும் ஒரு தளம் பதிலே தராமல் இழுத்தடித்தால் அதன் வரிசை மட்டும் நிற்க வேண்டும், மற்றவை ஓட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே லிஸ்டில் போட்டால் அது நடக்காது.

ஆனால் ‘தளம்’ என்று எதைக் கொள்வது? விலைப்பட்டியல் தளங்கள் நூறு பெயரில் இருந்தாலும் பல ஒரே வாடகைச் சர்வரில், ஒரே ஐபி எண்ணில் குடியிருக்கும். பெயருக்கு ஒரு வரிசை என்று வைத்தால் அந்த ஒற்றைச் சர்வரை நூறு பக்கத்திலிருந்து தட்டுவோம். பிளாக்ஸ்பாட்டில் ஒவ்வொரு வலைப்பூவும் ஒருவருடைய தனி வீடு, இயக்குவது ஒரே நிறுவனம். அதனால் இரண்டு கணக்கு வைத்தேன். எத்தனை பக்கம் எடுக்கலாம் என்ற வரம்பு வலைப்பூ வாரியாக. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது ஐபி எண் அல்லது சேவை வாரியாக. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிற நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் விலைப்பட்டியல் தளங்களின் இடைவெளியை நான் பல மடங்கு கூட்டிவிடுவேன், பகலில் போவதே இல்லை. அந்தக் கடைக்காரர்களுக்கு வருசம் முழுவதற்குமான வியாபாரம் அந்தச் சில வாரங்களில்தான். அவருடைய சின்ன சர்வரில் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது என் நிரல் முன்னால் போய் நிற்பது எந்த வகையிலும் சரியில்லை.

கிராலர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று ஒரு தளம் சொல்லிவைக்கும் ரோபாட்ஸ் கோப்பைப் பற்றிச் சுருக்கமாக. 1994இல் மார்டைன் கோஸ்டர் முன்வைத்த வழக்கம், 2022 செப்டம்பரில் ஆர்எஃப்சி 9309 ஆக முறைப்படி வெளிவந்தது. ஒரு தளத்தின் முதல் முகவரி வரிசைக்குள் வந்ததும் அதற்கு முன்னால் ரோபாட்ஸ் முகவரியை நுழைத்துவிட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் பழைய நகலை நம்பக் கூடாது. கோப்பே இல்லை என்று பதில் வந்தால் போகலாம். சர்வர் பழுது என்று பதில் வந்தால் முழுத் தளத்துக்கும் தடை என்றே எடுத்துக்கொண்டு விலக வேண்டும். இடைவெளி இத்தனை விநாடி என்று எழுதியிருந்தால், அந்த வரி ஆர்எஃப்சியில் இல்லாவிட்டாலும், நான் மதிக்கிறேன். நிரலின் பெயரோடு என் மின்னஞ்சலும் போகும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தலாம் இல்லையா?

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி: எது முதலில்?

1998இல் ஸ்டான்ஃபோர்டில் ஜுங்கூ சோ, ஹெக்டர் கார்சியா-மொலினா, லாரி பேஜ் மூவரும் முகவரிகளை எந்த வரிசையில் எடுத்தால் முக்கியமான பக்கங்கள் சீக்கிரம் கிடைக்கும் என்று ஆராய்ந்தார்கள். பேஜ்ரேங்க் அதிகமுள்ளதை முதலில் எடுப்பது நன்றாக வேலை செய்தது. 2001இல் நயோர்க்கும் ஜேனட் வீனரும், அகலவாக்கில் போனாலே நல்ல பக்கங்கள் ஆரம்பத்தில் வந்துவிடுகின்றன என்று காட்டினார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், பலர் சுட்டுகிற பக்கமே முக்கியமான பக்கம்.

என் வேலைக்கு இந்த அளவுகோல் நேர் எதிர். பலர் சுட்டுகிற பக்கம் பெரிய நாளிதழின் பக்கம். அதை வேறு யாராவது சேமித்திருப்பார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிய ஒருவர் ஏழெட்டுப் பதிவு எழுதி நிறுத்திவிட்ட வலைப்பூவை யார் சுட்டுவார்கள்? அதை நாம் எடுக்காவிட்டால் யாரும் எடுக்கப்போவதில்லை. அதனால் என் வரிசையில் மதிப்பெண் இரண்டு பகுதி. இந்தப் பக்கம் நம் வட்டாரத்தைப் பற்றியதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, இது காணாமல் போக எவ்வளவு வாய்ப்பு. இரண்டாவதற்குத்தான் கூடுதல் எடை.

முதல் பகுதிக்கு வழிகாட்டி ஐஐடி பம்பாயின் சௌமென் சக்ரவர்த்தி. அவர் 1999இல் மார்ட்டின் வான் டென் பெர்க், பைரன் டோம் இருவரோடும் சேர்ந்து, ஒரு பொருளைப் பற்றிய பக்கங்களை மட்டும் தேடிப்போகிற கிராலரைப் பற்றி எழுதினார். இணைப்பு இருக்கிற பக்கம் பொருத்தமானதாக இருந்தால், அது சுட்டுகிற பக்கமும் பொருத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதன் சாரம். தமிழ் வலைப்பூக்களுக்கு இது இன்னும் தேவை. ஏனென்றால் பிளாக்ஸ்பாட்டில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியில் அந்தத் தலைப்பு வராது. ‘பிளாக்-போஸ்ட்’ என்றும் அதன்பின் ஓர் எண்ணும்தான் வரும். முகவரியைப் பார்த்து உள்ளே என்ன என்று ஊகிக்க வழியே கிடையாது. சுட்டுகிற பக்கத்தையும் சுட்டிய சொற்களையும்தான் நம்ப வேண்டும்.

எந்தச் சொற்களைத் தேடுவது? ‘பட்டாசு’ என்று மட்டும் தேடினால் படம் பட்டாசு என்று எழுதிய விமர்சனங்களும் தீபாவளி வாழ்த்துகளும் குவியும். அதனால் தொழில் சொல்லும் ஊர்ப் பெயரும் சேர்ந்து வந்தால்தான் முழு மதிப்பெண். வெடி ஆபீஸ், பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், மருந்து, சரம், திரி. இவற்றோடு தாயில்பட்டி, அச்சங்குளம், வெம்பக்கோட்டை, இருக்கன்குடி. எங்கள் ஊர்ப் பெயரையே சேர்த்து, பிரித்து, ரெண்டு சுழி ‘ன்’ போட்டு, ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இரண்டு விதமாக எழுதி, என்று எல்லா வடிவத்தையும் பட்டியலில் வைத்திருக்கிறோம். இந்தப் பட்டியல் முழுக்கத் தம்பியின் உழைப்பு. அவன் அம்மாவிடமும் அக்காவிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தான், எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது.

காணாமல் போகும் வாய்ப்பைக் கணிக்க இலவச இடமா, சொந்த டொமைனா, கடைசிப் பதிவு எப்போது, படங்கள் திறக்கின்றனவா என்று பார்க்கிறேன். 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது இணையத்தின் முதல் பத்தாண்டின் எத்தனையோ பக்கங்கள் போயின. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் ஓடி ஓடி முடிந்தவரை அள்ளினார்கள். மூடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டு மூடுகிறவர்களாவது நாள் தருகிறார்கள். டொமைனுக்குப் பணம் கட்டாமல் விட்ட ஒரு தனிமனிதரின் தளம் எந்த அறிவிப்பும் இல்லாமல் போய்விடுகிறது. சொந்த டொமைனில் ஓராண்டுக்கு மேல் எதுவும் எழுதாமல் கிடக்கும் தளத்துக்கு என் வரிசையில் முதலிடம்.

மதிப்பெண் குறைந்தவை என்றைக்குமே எடுக்கப்படாமல் போகிற ஆபத்தும் உண்டு. மெர்கேட்டர் முறையில் மேல் வகுப்புக்குச் சாய்வு கொடுத்துவிட்டுக் குலுக்கலாக எடுப்பார்கள், அதனால் கீழ் வகுப்புக்கும் அவ்வப்போது முறை வரும். நான் காத்திருந்த நாட்களை மதிப்பெண்ணோடு கூட்டிக்கொள்கிறேன்.

டேட்டாபேஸ் எதற்கு என்று தம்பி கேட்டானே, அதற்கு நேரடியான பதில் மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. காற்று மழைக்குச் சொல்லாமலே போகும். நினைவகத்தில் இருக்கிற லிஸ்ட் அந்த நொடியே காலி. எஸ்க்யூலைட் ஒரே கோப்பு, தனியாகச் சர்வர் ஓட்ட வேண்டாம், பைத்தானோடே வருகிறது. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு நிலை. காத்திருக்கிறது, எடுத்தாகிவிட்டது, முடிந்தது, தோற்றது, விலக்கியது. முடிந்ததை அழிக்கவே கூடாது. அது இருந்தால்தான் மறுபடி வரும்போது அடையாளம் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. பக்கத்தைச் சேமிப்பது, அதில் கிடைத்த புது இணைப்புகளைச் சேர்ப்பது, நிலையை ‘முடிந்தது’ என்று மாற்றுவது மூன்றும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மூன்றும் நடந்திருக்கும், அல்லது மூன்றுமே நடந்திருக்காது. பாதியில் தொங்காது. இரண்டாவது, ‘எடுத்தாகிவிட்டது’ என்ற நிலையோடு எடுத்த நேரத்தையும் குறிக்க வேண்டும். எடுத்த நிரல் பத்து நிமிடத்துக்குள் முடிக்கவில்லையென்றால் அது நின்றுவிட்டது என்று கொண்டு முகவரி மறுபடி காத்திருப்புக்குப் போய்விடும். அதனால் ஒரு பக்கம் இரண்டு முறை வந்துசேரலாம். வரட்டும். ஒருமுறைகூட வராமல் போவதைவிட அது மேல். பல கணினிகளில் ஓட்டுகிறவர்களுக்கு போஸ்ட்கிரஸ் பொருத்தம். 2016 ஜனவரியில் வந்த அதன் 9.5 பதிப்பு முதல், வேறொரு நிரல் பூட்டிவைத்த டேபிள் வரியைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் வசதி இருக்கிறது.

பிழைகளை ஒரே மாதிரி நடத்தக் கூடாது. 404 என்றால் சில நாள் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தலாம். 429 என்றால் ‘நீ வேகமாக வருகிறாய்’ என்று அர்த்தம். எவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்கிறதோ அவ்வளவு நேரம் அந்தத் தளத்தின் வரிசை முழுவதையும் நிறுத்த வேண்டும், அந்த ஒரு முகவரியை மட்டும் அல்ல. பதிலே இல்லையென்றால் ஒரு மணி, நாலு மணி, ஒரு நாள், மூன்று நாள் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். டொமைனே இல்லை என்று வந்தால் நான் அதைத் தோல்வி என்று மூடுவதில்லை. இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய நகல் இருக்கிறதா என்று தேடும் இரண்டாவது வரிசைக்கு அனுப்புகிறேன். காலாவதியான டொமைனை வேறு யாரோ வாங்கிச் சூதாட்டத் தளம் ஆக்கியிருப்பதும் உண்டு. 200 என்று பதில் வரும், பக்கமும் வரும். மொழி மாறியிருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கடைசியாக, மறுபடி போவது. சோவும் கார்சியா-மொலினாவும் இதைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். அடிக்கடி மாறுகிற பக்கத்துக்கு அதே விகிதத்தில் அடிக்கடி போவதைவிட எல்லாவற்றுக்கும் சமமான இடைவெளியில் போவதே மேல் என்ற, பலரும் எதிர்பார்க்காத முடிவு அவர்களுக்குக் கிடைத்தது. பொதுவான சேகரிப்புக்கு அது சரி. விபத்துச் செய்திக்கு நான் அதைப் பின்பற்றுவதில்லை. வெடிவிபத்து நடந்த அன்று வருகிற எண்ணிக்கை முடிவான எண்ணிக்கை கிடையாது. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அடுத்தடுத்த நாட்களில் இறப்பார்கள். அச்சங்குளத்திலும் அப்படித்தான் கூடிக்கொண்டே போனது. பல செய்தித் தளங்கள் அதே முகவரியில் பழைய எண்ணை மாற்றிப் புதிய எண்ணைப் போடுகின்றன, முதலில் எழுதியது மறைந்துபோகிறது. அதனால் அப்படிப்பட்ட முகவரி அன்று மாலையே மறுபடி வரிசைக்கு வரும். பிறகு மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. ஒவ்வொரு முறை வந்த பக்கமும் தேதியோடு தனியாகச் சேமிக்கப்படும். எதன்மேலும் எதையும் எழுதுவதில்லை.

இந்த வரிசைக்குத் தொடக்க முகவரிகள் இன்னும் வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, கோவில்பட்டி வட்டாரத்தைப் பற்றி யாராவது எழுதி, இப்போது கைவிட்டுவிட்ட வலைப்பூ உங்களுக்குத் தெரிந்திருந்தால், பழைய மின்னஞ்சலிலோ புத்தகக்குறியிலோ அதன் முகவரி கிடந்தால், இந்தப் பதிவின் கீழே ஒட்டிவிடுங்கள். எந்த நாட்டு முடிவோடு இருந்தாலும், எந்த வாலோடு இருந்தாலும் பரவாயில்லை. அது திறக்காவிட்டாலும் அனுப்புங்கள், இரண்டாவது வரிசை இருக்கிறது.